நீர்வாய் காத்த ராதிமீர்

லுதோவா ஆற்றங்கரை மடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலையில் இருந்தார் ராதிமீர் அடியார். குளிர்காலம் வந்துவிட்டால் சுமப்பதற்கு முன்னால் அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஆறு உறைந்துவிடும். உறைவது என்றால் பாலின் மேல் ஆடை படிவதுபோல் என்று நினைத்துவிடக் கூடாது. கரைக்குக் கரை கல்தளம் போட்டதுபோல் இறுகி, அதன்மேல் குதிரை வண்டியும் கல்யாண ஊர்வலமும் போகும். அந்தத் தளத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் துளை போட்டு, அதில்தான் மடத்துக்கும் கரையோரக் குடிகளுக்கும் தண்ணீர் எடுக்க வேண்டும். அந்தத் துளையை நீர்வாய் என்பார்கள். காலையில் உடைத்தால் மாலைக்குள் மூடும். மாலையில் உடைத்தால் விடிவதற்குள் மூடும். ஆறு வாயை மூடிக்கொண்டே இருக்கும், அடியார் திறந்துகொண்டே இருப்பார். இருபத்தேழு குளிர்காலம் அவர் செய்த தொண்டு இவ்வளவுதான்.

அந்த நாட்டுக் குளிரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்கழி பிறந்ததும் நாம் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொள்கிறோமே, அந்தக் குளிரைப் பொட்டலம் கட்டித் தோரிச்சா நகரத்துக்கு அனுப்பினால், அங்கே உள்ளவர்கள் புழுக்கம் தாங்காமல் விசிறி தேடுவார்கள். அங்கே ஒருவர் அழுதால் கண்ணீர் மோவாய் வரை வந்து சேராது. அடியாருடைய மீசை கார்த்திகையில் உறைந்தால் பங்குனியில்தான் இளகும். நடுவில் ஒரு வாய் கஞ்சி குடிக்க வேண்டுமென்றால் அடுப்புக்கு எதிரே அரை நாழிகை மீசையைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆற்றிலிருந்து மடத்துக்கு நூற்றிருபது படி. இறங்கும்போது அது நூற்றிருபது. இரண்டு வாளி நீரோடு ஏறும்போது முந்நூறு. அவருக்குப் பின் அந்த வேலையைப் பார்த்த துறவிகள் அத்தனை பேரும் இதற்குச் சாட்சி.

பனியை உடைக்க அவரிடம் ஒரு கோல் இருந்தது. இரண்டாள் உயரம், நுனியில் இரும்புப் பூண். குத்துக்கு ஒரு பெயர் சொல்லுவார். மிகிதா, ஒரு குத்து. ஒசிப், ஒரு குத்து. லுகா, ஒரு குத்து. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர். பனி பாதியிலேயே உடைந்துவிட்டாலும் மீதிப் பெயர்களுக்காகத் துளையின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். கடைசிப் பெயர் சவா. அதற்கு மட்டும் கோலை ஓங்கமாட்டார். பனியின்மேல் மெல்ல ஊன்றி, கண்ணை மூடி நிற்பார். அதுவே அவருடைய செபம். வேறு செபம் அவருக்குத் தெரியாது என்று மடத்துச் சமையற்காரர் குறைபட்டுக்கொள்வது உண்டு.

இந்தத் தண்ணீர்க்காரர் ஒரு காலத்தில் தோரிச்சாவின் பிரபு. அந்த ஆறும் அக்கரையும் இக்கரையும் அவருடையவை.

அந்தக் காலத்துப் பிரபுக்களிடையே ஒரு வழக்கம். ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தால் சிலுவையை முத்தமிட்டுக் கொடுப்பார்கள். முத்தமிட்ட பிறகு அதை மீறுவது ஆண்டவர் முகத்திலேயே துப்புவதற்குச் சமம். முக்கால்வாசிப் பேர் காலையில் முத்தமிட்டு மாலையில் துடைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ராதிமீர் அப்படிப்பட்டவர் அல்லர். இருபத்தெட்டு வயதில், வடக்கே ஆண்ட தம் பெரியப்பா மகனுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார்: பங்குனியில் வருகிற மங்கள வார்த்தைத் திருநாளுக்குள் படையோடு ஆற்றைக் கடந்து அக்கரையில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று.

அந்த வருஷம் பார்த்து வெயில் முன்னதாக வந்தது. படை கரையில் வந்து நின்றது. தோரிச்சாவில் சவா என்றொரு மீனவர் இருந்தார். கோலால் தட்டி, காது வைத்துக் கேட்டு, பனி எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்லுவார். அவர் தட்டினார், கேட்டார், எழுந்து வந்தார்.

"வேணாம் பிரபு. மேலதான் வெள்ளையா இருக்கு. உள்ள மெழுகுவத்தி மெழுகுவத்தியாப் பிரிஞ்சு நிக்குது. ரெண்டு பேரு போலாம். படை போகாது."

"நான் சிலுவைய முத்தமிட்டுட்டேன், சவா."

"நீங்க முத்தமிட்டீங்க. பனி முத்தமிடலையே, பிரபு."

படைவீரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் எழாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பிரபுவுக்கு முகம் சிவந்தது. "வாக்கக் காப்பாத்தறவன் காலடியில பனிய ஆண்டவர் தாங்குவாரு. நம்பிக்கை இல்லாதவன் கரையிலேயே நிக்கட்டும்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

சவா கோலை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் இறங்கி நடந்தார்.

நடு ஆற்றில் பனி விட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏழு ஊர் நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்தன, ஆள் தொடாமலே கோயில் மணி ஒருமுறை அடித்தது, மாடுகள் மூன்று நாள் பால் தரவில்லை என்றெல்லாம் சொல்லுவார்கள். மிகை என்று தள்ளுகிறவர்கள் தள்ளிக்கொள்ளலாம். மூழ்கியவர் முந்நூற்றுப் பன்னிரண்டு என்பது மிகை இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து சவா தம் கோலை, தத்தளித்துக்கொண்டிருந்த பிரபுவின் பக்கம் நீட்டினார். கோலின் ஒரு முனை பிரபுவின் கைக்கு வந்தது. மறுமுனையில் இருந்த கை விட்டுவிட்டது.

வடக்கே இருந்த பெரியப்பா மகன் என்ன ஆனார் என்று கேட்டால், அவர் தம் வீட்டு ஜன்னலைத் திறந்து ஆற்றைப் பார்த்தார், பனி சரியில்லை என்று தோன்றியது, போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்தக் கோலைப் பனிமேல் குறுக்கே போட்டுத் தொற்றிப் பிழைத்து எழுந்த ராதிமீர் ஆட்சியை ஊர்ச்சபையிடம் விட்டார். வாளும் மேலங்கியும் கொடுத்துவிட்டு, கையில் அந்தக் கோல் ஒன்றோடு சவாவின் வீட்டு வாசலுக்குப் போனார். சவாவின் மனைவி மலான்யாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் யார் வீசப்போகிறார்கள் என்று நூலைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க வீட்டுக்காரரோடது, அம்மா."

அவள் கோலைப் பார்த்தாள், வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வச்சுக்குங்க பிரபு. நம்பிக்கை உள்ளவங்க கையில இருக்கட்டும். எங்க வீட்டுல அது இல்லன்னுதான் ஊர் முன்னாடி சொல்லிட்டீங்களே."

அங்கிருந்து அவர் மடத்துக்குப் போனார். பைசி என்ற முதிய துறவி அங்கே தலைவர். துறவு அங்கி கொடுங்கள் என்று கேட்டவருக்கு அவர் கொடுக்கவில்லை.

"அங்கி குடுத்தா புதுப் பேரு குடுக்கணும். பழசையெல்லாம் மறந்துடுன்னு சொல்லணும். நீ மறக்கக் கூடாதப்பா. ஆத்துல துளை போட ஆள் இல்ல, அங்க போ."

"எனக்கு மன்னிப்பு உண்டா, சாமி?"

"தெரியாது. துளையத் திற. தண்ணி வருதா பாரு."

இப்படித்தான் அந்தத் தொண்டு தொடங்கியது.

மடத்துக்காரர்கள் அவருக்கு ஆட்டுத்தோல் சட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் இருந்த ஓட்டைகளை எடுத்துவிட்டால் சட்டையில் மிஞ்சுவது பொத்தான்கள்தான். நான்காம் குளிர்காலத்தில் இடக்கையில் மூன்று விரல்கள் கறுத்து விழுந்தன. அதன் பிறகு அந்தக் கையை வாளிக் காதில் துணியால் கட்டிக்கொண்டு சுமந்தார். நீர்வாய்க்குத் துணி அலச வருகிற பெண்களின் வாய் வேறு. அதிலும் தாரியா என்பவளின் நாக்கை இரவல் வாங்கியிருந்தால் அடியாருக்குக் கோலே தேவைப்பட்டிருக்காது. பனி தானாகப் பிளந்திருக்கும்.

"ராசா, என் வீட்டுக்காரரு சட்டை ரெண்ட உங்க கையால அலசிக் குடுங்க. அரண்மனைத் துணியாட்டம் மின்னட்டும்."

அவர் வாங்கி அலசுவார். நன்றாகவே அலசுவார்.

"அடியே, ராசா அலசின சட்டையப் போட்டுக்கிட்டு உன் ஆளு சண்டைக்குக் கிளம்பிடப் போறாரு."

"கிளம்பட்டும். ஆத்து வழியா மட்டும் போகாதேன்னு சொல்லிடறேன்."

சிரித்துக்கொண்டே வந்தவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அடியார் மட்டும் சட்டையை முறுக்கிப் பிழிந்து, உதறி, இரண்டு கையாலும் தாரியாவிடம் கொடுத்தார். "கழுத்துப்பட்டையில கறை போகலம்மா. நாளைக்குக் கொண்டாங்க, இன்னொரு தரம் பார்க்கலாம்" என்றார்.

மலான்யா அந்த நீர்வாய்க்கு வரவே மாட்டாள். அவர் கை திறந்த தண்ணீர் அவள் வாய்க்கு இறங்காது. ஆற்றின் கீழ்ப்பக்கம் கூப்பிடு தூரத்தில் தனக்கென்று தானே ஒரு துளை போட்டுக்கொண்டாள். அடியார் விடியற்காலையில் அங்கே போய், அவள் வருவதற்குள் உடைத்து வைத்துவிட்டு வந்தார். அவள் கண்டுகொண்டாள்; இன்னும் கீழே தள்ளி வேறு துளை போட்டாள். அவர் அதையும் உடைத்து வைத்தார். அவள் இன்னும் தள்ளிப் போனாள். விட்டிருந்தால் துளை போட்டுக்கொண்டே கடல் வரைக்கும் போயிருப்பாள். தம்மால் அவளுக்கு நடை கூடுகிறது என்று புரிந்த அன்று அடியார் அந்த உதவியை நிறுத்திக்கொண்டார். செய்யாமல் இருப்பது ஒன்றுதான் அந்த வீட்டுக்கு அவரால் செய்ய முடிந்தது.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவள் கதவை அவர் தட்டலாம். பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாளை அவர்கள் மன்னிப்பு ஞாயிறு என்பார்கள். அன்று பெரியவர், சின்னவர், மாமியார், மருமகள் எல்லாரும் ஒருவர் முன் ஒருவர் தலை தாழ்த்தி, 'என்னை மன்னித்துவிடு' என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர், 'ஆண்டவர் மன்னிப்பார், நானும் மன்னித்தேன்' என்று சொல்ல வேண்டும். ராதிமீர் அன்று அதிகாலையிலேயே ஆற்றைக் கடந்து ஊருக்குள் வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு வாசலிலும் நெற்றி தரையில் பட விழுந்து கேட்பார். முதல் வருஷம் சாம்பல் தண்ணீர் ஊற்றினார்கள். ஐந்தாம் வருஷம் சும்மா நின்று பார்த்தார்கள். பன்னிரண்டாம் வருஷம் முந்நூற்றுப் பதினோரு வீட்டிலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. சில வீடுகளில் சூடாக அப்பமும் வந்தது.

மலான்யா வீட்டில் பாதிதான் வரும். "ஆண்டவர் மன்னிப்பார்" என்பாள். கதவு மூடும். ஆண்டவருடைய பங்கை மறுக்க அவளுக்கு உரிமை இல்லை, சொல்லிவிட்டாள். தன்னுடைய பங்கு அவளுடையது. அதை அவள் தரவில்லை.

"முந்நூத்திப் பதினோரு வீடு குடுத்தாச்சு. ஒரு வீட்டுக்காகவா வருஷம் பூரா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே?" என்று சமையற்காரர் ஒருமுறை கேட்டார்.

"மத்த வீட்டுக்கெல்லாம் நான் செஞ்சது தப்புங்க. அந்த வீட்டுக்குச் செஞ்சதுதான் பாவம். நல்லது சொல்ல வந்த மனுசன நாலு பேரு முன்னாடி நம்பிக்கை கெட்டவன்னு சொன்னேன். அதனாலதான் அவரு முன்னாடி நடந்தாரு."

இருபத்தேழு வருஷத்தில் அடியார் இதைவிட நீளமாகப் பேசியதாகத் தகவல் இல்லை. வானத்திலிருந்து குரல் ஏதும் கேட்கவில்லை. கனவில் யாரும் வரவில்லை. பைசி சாமியும் காலமாகிவிட்டார். கடைசி வரை 'தெரியாது' என்ற பதிலை மாற்றவே இல்லை. தினமும் துளை மூடியது. தினமும் அவர் திறந்தார்.

இருபத்தேழாம் வருஷமும் வெயில் முந்திக்கொண்டது. மன்னிப்பு ஞாயிறன்று காலையில் ஆற்றைக் கடந்து வரும்போதே அடியார் மூன்று இடத்தில் நின்று கோலால் தட்டிக் கேட்டார். பிறகு வீடு வீடாகப் போனார். மலான்யா வாசலில் விழுந்து எழுந்தார். அவளுக்கு இப்போது தலையில் நரை.

"ஆண்டவர் மன்னிப்பார்."

"அம்மா, மத்தியானம் ஆத்துல இறங்காதீங்க. பனி சரியா இல்ல."

கதவு மூடியது.

அன்று பிற்பகல் ஊரே மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு பனிமேல் நடந்து மடத்துக்குப் போய்த் துறவிகளிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அறுநூறு பேர் கரைக்கு வந்தார்கள். முன்னால் கொடி பிடித்து வந்தவர் கொர்தேய், ஊர்ச்சபையில் பெரிய கை. அவர் போட்டிருந்த கம்பளி அங்கியைக் கழற்றிக் கூடாரம் அடித்தால் உள்ளே ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கக் குடியிருக்கலாம். இறங்குகிற இடத்தில் அடியார் கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, வழிய விடுங்க. மடத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இறங்காதீங்க ஐயா. மேலதான் வெள்ளையா இருக்கு. உள்ள மெழுகுவத்தி மெழுகுவத்தியாப் பிரிஞ்சு நிக்குது."

கூட்டத்தில் மலான்யா நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் வேறொருவர் வாயில் கேட்டவள். ஆற்றுக்குப் போய்விட்டு வரும் கணவன் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சொல்லுகிற வார்த்தை.

"படத்துல மாதா வர்றாங்க. அவங்க தாங்க மாட்டாங்களா?" என்றார் கொர்தேய். "இத்தன வருஷம் மடத்துச் சோறு தின்னுருக்கீங்க. இம்புட்டு நம்பிக்கை கூடவா இல்ல?"

சிரிப்பு எழுந்தது. பழைய சிரிப்பு போலவேதான் இருந்தது.

"இல்லைங்க" என்றார் அடியார். "எனக்கு நம்பிக்கை இல்ல."

இத்தனை அடியார்கள் இத்தனை தேசங்களில் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். ஊர் முன்னால் நின்று இப்படி ஒரு வார்த்தையைத் தம் வாயால் சொன்ன அடியாரை வேறெங்கும் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். சிரித்தவர்களுக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

"ராசாவுக்குத் தண்ணியப் பார்த்தா நடுக்கம், பாவம்" என்றாள் தாரியா. பாவம் என்றது கேலியாகத் தொனிக்கவில்லை.

"காலைல நீங்களே நடந்துதானே வந்தீங்க?" கொர்தேய் விடவில்லை.

"நான் ஒரு ஆளு. அதுவும் அரை ஆளு. அப்புறம் வெயில் வேற ஏறிடுச்சு."

"அப்படின்னா முன்னாடி நடந்து காட்டுங்க. உடைஞ்சா திரும்பிப் போயிடறோம். உடையலன்னா பின்னாலேயே வர்றோம்." சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலைப் பனிமேல் வைத்தாயிற்று. பின்னால் அறுநூறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

அடியார் அந்தக் காலைப் பார்த்தார். வேறு வழி இல்லை. அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கோலைத் திருப்பி நேராகப் பிடித்துக்கொண்டு, தட்டித் தட்டி நடந்தார். பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார் என்று முன்வரிசையில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். அறுபது அடி போயிருப்பார். நின்று, ஏதோ சொல்லத் திரும்பினார்.

இந்தத் தடவை நாய்கள் குரைக்கவில்லை. ஊறின அட்டை கிழிவதுபோல் ஒரு சத்தம். தோள் வரை தண்ணீரில் இருந்தார். கொர்தேய் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அறுநூறு பேரும் கரையில் மேலே ஏறினார்கள். ஒருத்தி மட்டும் முன்னால் ஓடினாள்.

பனிமேல் ஓடி வருகிற மலான்யாவை அடியார் பார்த்தார். அவள் காலடியில் கோடுகள் விரிவதையும் பார்த்தார். கோலைப் பனியின்மேல் அவள் பக்கம் சறுக்கிவிட்டு, "படுத்துக்கங்கம்மா. கோலக் குறுக்கப் போட்டு அது மேல படுத்துக்கங்க" என்றார்.

அவள் விழுந்து படுத்தாள். கோல் அவளைத் தாங்கிற்று. அதன் பூண்முனை அடியாரின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பற்றவும் பற்றினார். பற்றிய வேகத்தில் அவளுக்கு அடியிலிருந்த பனி முனகியது. இருபத்தேழு வருஷம் பனியோடு குடும்பம் நடத்தியவருக்கு அந்த முனகலின் பொருள் தெரியும்.

"விட்டுடாதய்யா" என்றாள் மலான்யா. "நான் மன்னிச்சுட்டேன். நானும் மன்னிச்சுட்டேன். கையக் குடு."

கோலின் ஒரு முனை மலான்யாவின் கையில் இருந்தது. மறுமுனையில் இருந்த கை விட்டுவிட்டது.

அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததா, விழுவதற்கு முன்பே தண்ணீர் மூடிவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. அவள் அதைக் கடைசி வரை எல்லாரிடமும் கேட்டாள். "நீங்க கரையிலேர்ந்து பார்த்தீங்களே, முகத்துல ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்பாள். இரண்டு நாளில் ஆறு முழுவதும் உடைந்து ஓடியது. உடல் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய எதுவும் இல்லாமல் மடத்தில் வெறும் பாட்டு பாடினார்கள்.

அடுத்த குளிர்காலம் ஆறு உறைந்தது. புதிதாக வேலைக்கு வந்த துறவி கடப்பாரையோடு நூற்றிருபது படி இறங்கிப் போனார். கடப்பாரையைத் தூக்கவேண்டிய அவசியம் இல்லாமல் திரும்பி ஓடிவந்தார். கரைக்குக் கரை வெள்ளைத் தளம். அதில், அறுநூறு பேர் பார்க்க அடியார் மறைந்த இடத்தில், முறம் அகலத்துக்கு, கறுப்பாகத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. பறவை பறந்தபடியே உறைந்து விழுகிற தை மாதத்திலும் அது மூடவில்லை. அடியில் வெந்நீர் ஊற்று இருக்கும் என்று படித்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இருக்கட்டும். அந்த ஊற்று இருபத்தேழு வருஷம் எந்த ஊருக்குப் போயிருந்தது என்று தாரியா கேட்டாள். பிற்பாடு ஊரார் அவருடைய படத்தை எழுதிக் கோயிலில் வைத்தார்கள். ஓவியர் தலையில் கிரீடம் எழுதினார், மூன்று தடவையும் சாயம் உரிந்து விழுந்தது. வாளியை எழுதினார், அது ஒட்டிக்கொண்டது.

மலான்யா தன் தொலைதூரத் துளையைக் கைவிட்டாள். தினமும் சவாவின் கோலை ஊன்றிக்கொண்டு அந்த நீர்வாய்க்கு வந்து, அங்கே மொண்டு, அங்கேயே ஒரு வாய் குடித்துவிட்டுப் போனாள். மன்னிப்பு ஞாயிறுகளில் அதன் ஓரத்தில் மண்டியிட்டு, கேட்பதற்கு ஆள் இல்லாத அந்த இடத்தில், இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லுவாள். பதில் வந்ததில்லை. தண்ணீர் மட்டும் திறந்தே இருந்தது.

தமக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லி அறுநூறு உயிரைக் கரையில் நிறுத்திய ராதிமீர் அடியாரின் திருவடிகள் இன்னும் ஈரம் உலராமல் இருக்கின்றன. அந்த ஈரம் நம் தலைமேலும் ஒரு துளி படட்டும்.